திறக்கப் பார்த்தேன், திறந்து பார்த்தேன்: குன்னூரில் மூன்று மாத ஆங்கில வகுப்பு

குன்னூரில் இங்கிலீஷ் எங்கே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று இந்த வருடத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பஸ் வந்துவிடுகிறது. அதனால் நான் மூன்று மாதம் படித்த வகுப்பைப் பற்றி இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். நல்லதையும் எழுதுகிறேன், குறையையும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அப்பர் குன்னூரில் 14 அறை உள்ள ஒரு தங்கும் விடுதியில் 11 வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். மெயிலுக்குப் பதில் போடுவது, வண்டி ஏற்பாடு செய்வது, கீசர் சூடாகவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் என் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தார்கள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்தான். தமிழ் மீடியம் என்பதால்தான் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று 40 வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இந்த வகுப்பில்தான் உடைந்தது.

வகுப்பு என்றதும் பெரிய கட்டடம், புரொஜெக்டர் எல்லாம் நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், அவருடைய வீட்டு முன்னறை, இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. பெயர்ப் பலகைகூடக் கிடையாது. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் 6 மணி முதல் 7.30 வரை. மாதம் 600 ரூபாய். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. டீச்சர் தன் பெயரையோ முகவரியையோ போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பெட்ஃபோர்டு பக்கம் யாரைக் கேட்டாலும் ‘இங்கிலீஷ் டீச்சர் வீடு’ என்று கை காட்டுவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர் தன் அப்பா அம்மாவுக்கு மூன்று நாள் அறை போட்டிருந்தார். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறார்கள். நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் டிரைவர் அண்ணன் முந்தின நாள் ராத்திரி கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் ஒரு டிராப் முடித்துவிட்டுத் திரும்பி வருவதாக இருந்தது. சரி, வரும் வழியில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நின்று இவர்களை ஏற்றிக்கொண்டு வரட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு அந்த மகனுக்கு மெயில் போட்டேன். ‘த டிரைவர் வில் ஸ்டாப் பிக்கிங் அப் யுவர் பேரண்ட்ஸ் அட் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்’ என்று எழுதினேன்.

நான் நினைத்தது, ஏற்றிக்கொள்ள நிற்பார் என்று. அவர் படித்தது, இனிமேல் ஏற்றிக்கொள்ள மாட்டார் என்று. கடைசி நேரத்தில் கைவிட்டார்களே என்ற கோபத்தில் அவர் எனக்குப் பதிலே போடாமல் வேறு டாக்ஸி பேசிவிட்டார். டிரைவர் அண்ணன் ஸ்டேஷன் வாசலில் எட்டரை மணி வரை நின்றிருக்கிறார். அன்று காலை அவருக்கு ஊட்டி வாடகை ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. பெரியவர்கள் வேறு வண்டியில் வந்து என் கவுன்ட்டர் முன்னால் இறங்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெயிலைத் திறந்து, அந்த மகன் சொல்லச் சொல்ல வரி வரியாகப் படித்த பிறகுதான் புரிந்தது. காத்திருந்த வாடகையில் 1,200 ரூபாயை நான் கொடுத்தேன். பணத்தைவிட அந்த அண்ணன் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏன் ‘பிக்கிங்’ என்று எழுதினேன்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் கீழே சமவெளியில் ஒரு கோச்சிங் வகுப்பில் இரண்டு மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள். இடது பக்கம், பின்னால் ‘டு’ (to) வரும் வினைகள்: வான்ட், ஹோப், டிசைட், பிராமிஸ், ரெஃப்யூஸ். வலது பக்கம், பின்னால் வரும் சொல் ‘இங்’ (ing) என்று முடியும் வினைகள்: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், ஸ்டாப். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். நானும் நன்றாகவே ஒப்பித்தேன். ஸ்டாப் வலது பக்கத்தில் இருந்தது. அதனால் ஸ்டாப் வந்தால் இங். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் வீட்டில் முதல் நாள் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தாளைக் கேட்கவில்லை, என் அம்மாவைப் பற்றிக் கேட்டார்.

“அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா கண்ணு?”

“இல்ல டீச்சர், கொழுந்து எடுக்கிறத நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு.”

“சரி. போன வாரம் தோட்டத்து வழியா வரும்போது, ரெண்டு கொழுந்து கிள்ளலாம்னு அம்மா நின்னாங்கன்னு வை. அத எப்படிச் சொல்வ?”

“கொழுந்து எடுக்க நின்னாங்க.”

“எடுக்கிறத நிறுத்தினாங்க, எடுக்க நின்னாங்க. ரெண்டையும் நீ என்னிக்காவது மாத்திச் சொல்லியிருக்கியா?”

இல்லை. ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. மூன்று வயசுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. டீச்சர் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். எடுப்பதை நிறுத்தினார் என்பதற்குப் பக்கத்தில் ‘ஸ்டாப்ட் பிளக்கிங்’. எடுக்க நின்றார் என்பதற்குப் பக்கத்தில் ‘ஸ்டாப்ட் டு பிளக்’. தமிழில் நிறுத்துவது வேறு, நிற்பது வேறு என்று இரண்டு வினை இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்டாப்தான். அதனால் வேறுபாடு முழுவதையும் பின்னால் வரும் சொல்லே சுமக்க வேண்டியிருக்கிறது. நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. அது ‘ஸ்டாப்ஸ் டு டேக் வாட்டர்’. ‘ஸ்டாப்ஸ் டேக்கிங் வாட்டர்’ என்று எழுதினால் தண்ணீர் பிடிப்பதையே விட்டுவிட்டது என்று ஆகிவிடும். நீராவி இன்ஜினுக்கு அது நடந்தால் வண்டி குன்னூர் வந்து சேராது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தப்பு செய்த இடத்தில் தமிழ் எனக்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தமிழைக் கேட்காமல், தாளின் வலது பக்கத்தைக் கேட்டிருக்கிறேன்.

இந்த வகுப்பின் வழிமுறையே இதுதான். எந்த வினைக்குப் பின்னால் எது வரும் என்று பட்டியலில் ஆரம்பிக்காமல், நாம் வீட்டில் பேசும் ஒரு வாக்கியத்தில் ஆரம்பிப்பார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த நாள் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

நவம்பர் மாதம். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குளிருக்காக டீச்சர் மூலையில் கணப்புச் சட்டி வைத்திருந்தார். கரி ஈரமாக இருந்ததால் அறை முழுக்கப் புகை. எல்லோரும் இருமுகிறோம். ஜன்னல் மரச் சட்டம், மழையில் ஊறிப் பருத்துப்போய் அசையவில்லை. டிரைவர் அண்ணன் எழுந்து போய் உள்ளங்கையால் தள்ளினார், தோளை வைத்து முட்டினார். ம்ஹும். டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்:

“அண்ணன் இப்ப என்ன செஞ்சார்?”

“ஜன்னலைத் திறக்கப் பார்த்தார்.”

“எழுதிக்கோங்க. ‘ஹி ட்ரைட் டு ஓபன் த விண்டோ.’ திறந்துச்சா?”

“இல்ல.”

அண்ணன் விடவில்லை. செருப்பைக் கழற்றி அடிச்சட்டத்தில் நாலு தட்டுத் தட்டினார். ஜன்னல் படாரென்று திறந்துகொண்டது. சாரல் உள்ளே அடித்தது. ஆனால் காற்று எங்கள் பக்கம் வீசியதால் புகை வெளியே போகாமல் இன்னும் சுற்றியது. டீச்சர் மறுபடி:

“இப்ப?”

நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: “ஜன்னலைத் திறந்து பார்த்தோம் டீச்சர், புகை போகல.”

“அதுதான் ‘வி ட்ரைட் ஓபனிங் த விண்டோ’.”

திறக்கப் பார்த்தார், திறந்து பார்த்தோம். முதலாவதில் முயற்சி இருக்கிறது, வேலை நடக்கவில்லை, அல்லது நடக்குமா என்று தெரியவில்லை. இரண்டாவதில் வேலை நடந்துவிட்டது, அதனால் பலன் உண்டா என்றுதான் சோதிக்கிறோம். ட்ரை என்ற வினைக்குப் பின்னால் டு வந்தால் ஒன்று, இங் வந்தால் இன்னொன்று என்று ஆங்கிலப் புத்தகங்களில் அரைப் பக்கம் விளக்குவார்கள். நாம் அதை ‘க’வுக்கும் ‘து’வுக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் செய என்னும் வாய்பாடு, செய்து என்னும் வாய்பாடு என்று வினையெச்சம் படித்தது ஞாபகம் இருக்கிறதா? தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அதே விஷயம்தான். புகை நடுவில் உட்கார்ந்து அதை மறுபடி கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் நாங்களே தேட ஆரம்பித்தோம். எழுத வைத்தார், எழுதி வைத்தார். போக விடு, போய் விடு. சாப்பிடப் போனான், சாப்பிட்டுப் போனான். ஓர் எழுத்து மாறினால் யார் செய்கிறார்கள், எது முன்னால் எது பின்னால் என்பதெல்லாம் மாறிவிடுகிறது. டீச்சர் உடனே கையைத் தூக்கி நிறுத்தினார். எல்லாவற்றையும் இப்படி நேருக்கு நேர் வைத்து மாற்றக் கூடாது என்றார். ‘குழந்தை விழப் பார்த்தது’ என்றால் அது விழ முயற்சி செய்தது என்று அர்த்தமா? இல்லையே, விழத் தெரிந்து தப்பித்தது. அதை ‘ட்ரைட் டு ஃபால்’ என்று எழுதினால் கேட்பவர் பதறிவிடுவார், ‘நியர்லி ஃபெல்’ என்றுதான் எழுத வேண்டும். தமிழ் காதைத் தீட்டிக்கொடுக்கும், ஆங்கில வாக்கியத்தை ஆங்கிலத்தில்தான் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. இந்த எச்சரிக்கையைச் சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது.

‘டு’ எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிக்கொடுத்தார். ‘டு ஊட்டி’ என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறதே, அந்த டுவும் ‘டு டிரிங்க்’ என்பதில் இருக்கும் டுவும் பிறப்பில் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் வினையைப் பெயர்போல ஆக்கி, அதற்கு முன்னால் திசை காட்டும் இந்த டுவைப் போட்டிருக்கிறார்கள். நம்முடைய ‘கு’ மாதிரி. ஊட்டிக்கு, குடிப்பதற்கு. அதனால் டு பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைப் பார்த்து நிற்கும்: வான்ட், ஹோப், பிளான், பிராமிஸ், டிசைட். இங் பெரும்பாலும் நடந்ததை, நடப்பதைக் கையில் பிடித்திருக்கும்: என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை. ரிமெம்பர் இரண்டு பக்கமும் போகும். ‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் த ரூம்’ என்றால் மறக்காமல் பூட்டினேன். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த ரூம்’ என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. கேமரா காணவில்லை என்று ஒரு விருந்தினர் நிற்கும்போது எனக்குத் தேவைப்படுவது இரண்டாவது. அதை நான் வருடக்கணக்கில் முதலாவது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபர்கெட்டும் அப்படித்தான். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்த பிறகு, நான் தினமும் தட்டும் வரி ‘ப்ளீஸ் டோன்ட் ஃபர்கெட் டு கெட் தி இ-பாஸ்’. இனிமேல் செய்ய வேண்டியது, அதனால் டு.

ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் நிற்காது. சஜெஸ்ட், கன்சிடர், போஸ்ட்போன் மூன்றும் இனி நடக்கப் போவதைப் பற்றியவைதான், இருந்தாலும் இங்தான் வருகிறது. ஏன் என்று கேட்டேன். “இது வழக்கம் கண்ணு, காரணம் தேடாத, பழகிக்கோ” என்றார். தெரியாத காரணத்தை இட்டுக்கட்டாமல் இப்படிச் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அபூர்வம். அந்த மாதிரி வினைகளுக்கு மட்டும் மனப்பாடம் உண்டு. அதுவும் தாளில் இல்லை, அவரவர் தொழிலில். டிரைவர் அண்ணனுக்குக் கிடைத்தது சஜெஸ்ட். அவர் சுற்றுலாக்காரர்களிடம் ‘ஐ சஜெஸ்ட் யூ டு கோ லேம்ப்ஸ் ராக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது ‘ஐ சஜெஸ்ட் கோயிங் டு லேம்ப்ஸ் ராக் ஃபர்ஸ்ட்’ என்கிறார். மலை இறங்கும்போது வண்டிக்குள்ளேயே நூறு தடவை சொல்லிப் பழகினாராம். எனக்குக் கிடைத்தது மைண்ட். ‘உட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ வெயிட்டிங்தான், ‘டு வெயிட்’ இல்லை. அதற்கு அவர்கள் ‘நோ’ என்று சொன்னால் காத்திருக்கச் சம்மதம் என்று அர்த்தம். நோ என்றதும் பதறிப்போய் நான் அறைச் சாவியைத் தேடி ஓடிய நாட்கள் உண்டு.

ஆமாம், அந்த மேட்டுப்பாளையம் டிரைவர் அண்ணன்தான் இவர். வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரம் நானே அவரிடம் போய், என்ன தப்பு செய்தேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். “அப்ப இது எனக்கும் தெரியணும்ல தங்கச்சி” என்று அவரும் வந்துவிட்டார்.

பார்ட்டிசிபிள் பகுதிக்கு வருகிறேன். குடிப்பது என்று பெயர்போல நிற்பது ஜெரண்ட், குடித்துக்கொண்டு என்று வருவது பார்ட்டிசிபிள். இரண்டும் ஆங்கிலத்தில் பார்க்க ஒன்று போலவே இங் என்று முடியும். நமக்கு இப்படி இரண்டாக இருப்பது அவர்களுக்கு டிரிங்கிங் என்று ஒன்றாகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அவர்களுக்கும் இரண்டு விகுதிதான், காலப்போக்கில் கலந்துவிட்டன. இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த இங் மேல் இருந்த பயம் போய்விட்டது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் எந்த இங் என்று தெரிந்துவிடும்.

சீ, ஹியர், வாட்ச் போன்ற வினைகளுக்குப் பின்னால் டு இல்லாத வெறும் வினையும் வரலாம், ‘இங்’ போட்ட வினையும் வரலாம். இதை எங்களுக்குப் புரிய வைத்தது காட்டெருமை. வகுப்பு முடிந்து ஏழரைக்கு வெளியே வந்தால் தேயிலைக் காட்டு ஓரத்தில் காட்டெருமை நிற்பது இங்கே சாதாரணம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஒரு நாள் டீச்சர் கேட் வரைக்கும் வந்து நின்றுகொண்டு கேட்டார்: “முன்னால போனவ திரும்பி வந்து ‘ஐ சா எ பைசன் கிராஸ் த ரோட்’னு சொன்னா நீங்க போவீங்களா, நிப்பீங்களா?” நாங்கள் யோசித்தோம். கிராஸ் என்றால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்துவிட்டாள், அது ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. போகலாம். ‘கிராஸிங்’ என்றால் தாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், முடிந்ததா என்று தெரியாது. நிற்க வேண்டும். தாண்டியதைப் பார்த்தேன், தாண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருட்டில், குளிரில், கேட்டைப் பிடித்துக்கொண்டு கற்ற இந்தப் பாடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

லெட், மேக் இரண்டுக்கும் டு கிடையாது. ‘தே மேட் மி வெயிட்’, காத்திருக்க வைத்தார்கள். அதையே செயப்பாட்டுக்கு மாற்றினால் டு திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. கீப் போட்டால் இங்: ‘தே கெப்ட் மி வெயிட்டிங்’. இதை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

என் வேலைக்கு நேரடியாகப் பயன்பட்டது இன்னொன்று. எங்கள் விடுதியின் முன்பதிவு மெயிலின் கடைசி வரி, நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே ‘வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கம் யூ’ என்றிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். டுவுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பார். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் இந்த டு ஊட்டிக்குப் போகும் டு, அதற்குப் பின்னால் பெயர்தான் வரும், வினை வந்தால் இங் போட்டுக்கொண்டு வர வேண்டும். ‘வான்ட் டு இட்’ நிற்கிறதா? நிற்கவில்லை. அப்படியானால் பின்னால் வெறும் வினை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வரியை ‘டு வெல்கமிங் யூ’ என்று மாற்றினேன். 11 வருடம் ஒவ்வொரு விருந்தினருக்கும் தப்பாகப் போன வரி. ‘யூஸ்ட் டு’ குழப்பத்துக்கும் இதே சோதனைதான் மருந்து. ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ நிற்கும், அதனால் ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங் இன் த ரெயின்’, மழையில் நடந்து பழக்கம்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. டீச்சர் அதையும் மறைக்கவில்லை. “நான் கீசரை ரிப்பேர் பண்ணிட்டேன்” என்று நாம் சொல்வோம், ஆள் வைத்துச் செய்திருந்தாலும். ஆங்கிலத்தில் ‘ஐ ரிப்பேர்ட் த கீசர்’ என்றால் நானே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிரித்தேன் என்று அர்த்தம். ஆளை வைத்துச் செய்தால் ‘ஐ ஹேட் த கீசர் ரிப்பேர்ட்’. ஹேவ் முன்னால், பொருள் நடுவில், ரிப்பேர்ட் என்ற பாஸ்ட் பார்ட்டிசிபிள் கடைசியில். நடுவில் இருக்கும் பொருள் கொஞ்சம் இடம் மாறினால், ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் த கீசர்’ என்று, நானே செய்திருந்தேன் என்னும் வேறு வாக்கியமாகிவிடும். இது எனக்கு வாயில் வர மூன்று வாரம் பிடித்தது. இப்போதும் அவசரத்தில் தடுக்குகிறது.

இனி குறைகள். வீட்டின் முன்னறைக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் டீச்சர் குரல் கேட்காது. பின் பெஞ்சில் இருப்பவர்கள் கரும்பலகையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். நவம்பரில் இப்படி நாலைந்து வகுப்பு பாதியாகப் போயிற்று. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி. குறிப்புகளை டீச்சர் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார், சில தாள்களில் எழுத்து மங்கி, படிக்க முடியவில்லை. உச்சரிப்புக்கு என்று தனியாக எதுவும் இல்லை. போனில் வெளிநாட்டு விருந்தினர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் பயிற்சி எனக்குத் தேவைப்பட்டது, அது இங்கே கிடைக்காது. சான்றிதழ் கிடையாது, அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. பேங்க் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தம்பி ஒரே மாதத்தில் நின்றுவிட்டான். நூறு கேள்வியை வேகமாகப் போட்டுப் பழக வேண்டும் என்பது அவன் தேவை. இங்கே ஒரு ஜன்னலை வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவன் போனது சரிதான்.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. முதல் மாதம், வாக்கியத்தை முடிப்பதற்குள் டீச்சர் திருத்திவிடுவார். வாய் உலர்ந்துபோகும், மிச்சத்தைச் சொல்லத் தோன்றாது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ சொல்றது சரிம்மா” என்றார். அடுத்த வகுப்பிலிருந்து நாங்கள் முற்றுப்புள்ளி வைக்கும் வரை காத்திருந்து, தப்பு இருந்தால் மேஜையில் விரலால் ஒரு தட்டு. எந்த இடம் என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். எழுபதை நெருங்கும் ஒருவர், மாணவி சொன்னதைக் கேட்டுத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

யாருக்கு இந்த வகுப்பு பொருந்தும்? டாக்ஸி ஓட்டுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், என்னைப் போல மெயில் எழுதிப் பிழைப்பவர்கள், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் காலேஜில் திணறும் பிள்ளைகள் எல்லோருக்கும் தைரியமாகச் சொல்வேன். ஓரளவு வாக்கியம் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்திலிருந்தே ஆரம்பிப்பவர்களுக்கு டீச்சர் சனிக்கிழமை காலையில் தனியாக எடுக்கிறார், அதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. 600 ரூபாய் என்பது இந்த வகுப்புக்கு மிகவும் குறைந்த கட்டணம் என்பது என் கருத்து. ஒரு மாதத்தில் பத்துப் பேரிடம் வாங்கும் பணத்தில் கரிக்கும் ஜெராக்ஸுக்கும் போக அவருக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. முடிந்தவர்கள் கொஞ்சம் கூடவே கொடுங்கள், மறுத்தால் ஒரு மூட்டை காய்ந்த கரி வாங்கிப் போடுங்கள்.

வருடத்தில் இரண்டு முறைதான் சேர்க்கை, ஜூன் முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும். பஸ்ஸில் வருபவர்கள் திரும்பிப் போக வண்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏழரைக்கு மேல் நம் ஊரில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். டார்ச் கட்டாயம் கொண்டு போங்கள். நோட்டு, பேனாவோடு அன்றைக்கு நீங்கள் வீட்டிலோ வேலையிலோ பேசிய இரண்டு தமிழ் வாக்கியத்தையும் எழுதிக்கொண்டு போனால் டீச்சருக்குப் பிடிக்கும், பெரும்பாலும் அங்கிருந்துதான் அன்றைய பாடம் ஆரம்பிக்கும். கேட்டுக்கு உள்ளே ஒரு வயதான நாய் இருக்கிறது, கடிக்காது. தட்டிவிட்டு வெளியே நில்லுங்கள், டீச்சர் வந்து திறப்பார்.